தூங்குகிற ராஜா

"அந்தப் படத்துல தூங்கறது ராஜா இல்லைங்க, நான்தாங்க!"

ரொட்டிக்கடை பார்னபே சாட்சிக் கூண்டிலிருந்து கத்தியதும் நீதிமன்றமே குலுங்கிச் சிரித்தது. ஜூரிகள் பன்னிரண்டு பேரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எதிர்க் கூண்டில் நின்ற ஓவியன் எவரிஸ்ட் மட்டும் சிரிக்கவில்லை. ராஜாவைக் கேலி செய்ததாக நிரூபணமானால் ஆறு மாதம் சிறை. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஸேலிக்கு இது எட்டாவது மாதம்.

அவன் வரைந்தது ஒரே ஒரு படம். நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கும் ஒரு குண்டு மனிதர். அவரைச் சுற்றி வெறுங்கையோடு காத்து நிற்கும் ஒல்லியான ஜனங்கள். கீழே பெயர்கூடப் போடவில்லை. அச்சடித்து படக்கடைக் கண்ணாடியில் ஒட்டிய மறுநாளே கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. 'தூங்குகிற ராஜா' என்று தெருவே அதற்குப் பெயர் வைத்தது. மூன்றாம் நாள் போலீஸ் வந்து, படத்தை அச்சடித்த கல்லை உடைத்து, எவரிஸ்டை இழுத்துப் போனது.

"விளையாடாதீர்!" என்று அரசு வக்கீல் சீறினார். "இது யார் மூக்கு? ராஜாவின் மூக்கு! யார் தொப்பை? ராஜாவின் தொப்பை! பாரீஸில் சின்னக் குழந்தைகூட அடையாளம் சொல்லும்!"

பார்னபே பக்கவாட்டில் திரும்பி நின்றார். "என் மூக்குக்கு என்னங்க குறைச்சல்? தொப்பையையும் பாருங்க. இருபது வருஷமா நானே சுட்ட ரொட்டியில வளர்ந்தது. இதுல ராஜாவுக்கு ஒரு பங்கும் கிடையாது!"

"அப்படியானால் நீர் ராஜாவைப் போல இருப்பதாகச் சொல்கிறீரா?"

"ஐயய்யோ! அப்படிச் சொன்னா ராஜாவைக் கேவலப்படுத்தினேன்னு என்னையும் உள்ளே தள்ளிடுவீங்களே!"

மறுபடியும் சிரிப்பு அலை. நீதிபதி மணியை அடித்து அடித்துக் களைத்துப் போனார்.

எவரிஸ்டின் வக்கீல் நிதானமாக எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, வாயைப் பிளந்து தூங்கும் இந்த மனிதர் ஒரு ரொட்டிக்காரர் என்கிறோம் நாங்கள். இல்லை, நம் ராஜாதான் என்று சாதிக்கிறார் அரசு வக்கீல். இப்போது ராஜாவை அவமதிப்பது யார்?"

ஜூரிகளுக்குப் பத்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. "குற்றமற்றவர்!"

வெளியே காத்திருந்த கூட்டம் எவரிஸ்டைத் தோளில் தூக்கிக்கொண்டது. பார்னபேயைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. அவர்களும் பாலம் தாண்டுவதற்குள் இரண்டு முறை ஆள் மாற்றிக்கொண்டார்கள்.

சாயங்காலம் எவரிஸ்டின் மூன்றாம் மாடி அறையில் வெங்காய சூப் கொதித்தது. ஸேலியின் முகத்தில் பல நாள் கழித்துக் களை திரும்பியிருந்தது. கீழே தெருவில் இன்னும் 'எவரிஸ்ட் வாழ்க!' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பத்திரிகை ஆசிரியர் வந்து, "ராஜாவை எதிர்க்கத் துணிந்த கை இது! வாரம் ஒரு படம் எனக்குத்தான்" என்று அவன் கையைக் குலுக்கிவிட்டுப் போயிருந்தார்.

பார்னபே மட்டும் தன் ஒயினைத் தொடவேயில்லை.

"ஏண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றாள் ஸேலி.

"மனசு சரியில்லைம்மா. கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிட்டு அப்படி ஒரு பொய்யைச் சொல்லிட்டேனே. 'அது நீங்கதான்னு கோர்ட்ல சொன்னாப் போதும்ணே'ன்னு நீ வந்து அழுதே. வயித்துப்பிள்ளையோட நிக்கறியேன்னு மனசு கேக்கலை."

"உங்களாலதாண்ணே இவர் வீட்டுல இருக்கார்."

"அது சந்தோஷந்தான். படத்தையே நான் இன்னிக்கு கோர்ட்லதான் முதல்ல பார்த்தேன். அடேயப்பா, அச்சு அசல் ராஜா! என்ன நெஞ்சழுத்தம்டா தம்பி உனக்கு! அந்தத் தைரியத்துக்காகவே இன்னும் நாலு பொய் சொல்லலாம். ஆனா ஞாயித்துக்கிழமை பூசையில எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

ஸேலி புருஷனைப் பார்த்தாள். எவரிஸ்ட் சூப் கிண்ணத்தைப் பார்த்தான்.

"இப்பவே சாமியார்கிட்டப் போய்ப் பாவமன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன். மூணு மணி நேரம் முட்டி போடச் சொல்வார். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எப்படிப் போடறதுன்னுதான் தெரியலை." தொப்பியை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார் பார்னபே.

ஜன்னலுக்கு வெளியே இன்னொரு முறை 'வாழ்க!' எழுந்தது.

"இன்னும் என்ன யோசனை? போய்ச் சொல்லுங்க" என்றாள் ஸேலி மெதுவாக.

எவரிஸ்ட் தடதடவென்று ஓடினான். கடைசிப் படியில் அவர் சட்டைக் கையைப் பிடித்துவிட்டான்.

"அண்ணே, கோயிலுக்குப் போகாதீங்க. நீங்க பொய்யே சொல்லலை."

"என்னடா உளர்றே?"

எவரிஸ்ட் தெருப்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தான்.

"ராஜாவை நான் ஜென்மத்துல கண்ணால பார்த்ததே இல்லைண்ணே. படம் வரைஞ்ச அன்னிக்கு மத்தியானம் ரொட்டி வாங்க வந்தப்போ நீங்க அப்படித்தான் தூங்கிட்டிருந்தீங்க. பாவம், வரிசையில நின்ன எங்க யாருக்குமே உங்களை எழுப்ப மனசு வரலை."