பார்க்காத தப்பு

முயல்களுக்கும் மரநாய்களுக்கும் கூடைப்பந்துப் போட்டி. நடுவர்கள் மூன்று பேர். கூடைக்கு அடியில் நடக்கும் தள்ளுமுள்ளைக் கவனிப்பது கீரியின் வேலை. பக்கவாட்டை மான் பார்க்கும். ஆட்டத்துக்குப் பின்னால் வந்து மொத்தத்தையும் பார்ப்பது தலைமை நடுவர் கொக்கு. ஒருவர் பார்க்கும் இடத்தில் மற்றவர் தலையிட மாட்டார்.

கடைசி நிமிடத்தில் ஆட்டம் சமநிலையில் இருந்தது. பந்து உயரே வளைந்து போன அழகில் கீரி அண்ணாந்து நின்றுவிட்டது. கீழே தொப்பென்று சத்தம் கேட்டுக் குனிந்தால், ஒரு மரநாய் விழுந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு குட்டை முயல் நின்றது. கீரி விசில் ஊதி, முயல் தள்ளிவிட்டதாகக் கை காட்டியது.

கொக்கு ஓடி வந்து, "நீ பார்த்தியா?" என்று கேட்டது.

"பார்த்தேன்."

அதற்குமேல் கொக்கும் மானும் கேட்கவில்லை. மரநாய்களுக்கு யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோ கிடைத்தது, அதில் பந்தைப் போட்டு அவை ஜெயித்தன.

நடுவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது குட்டை முயல் வந்தது.

"மன்னிச்சுக்குங்க ஐயா. நான் தள்ளினது எனக்கே தெரியலை. நீங்க பார்த்திருக்கீங்க, தள்ளித்தான் இருப்பேன்."

கீரி தண்ணீரைக் கீழே வைத்தது. "இல்லம்மா... நான் பந்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

கொக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "முடிஞ்ச ஆட்டத்தை இனி மாத்த முடியாது" என்றது.

மற்ற முயல்கள் குட்டை முயலை விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தன. கீரி ஓடிப்போய் மறித்தது. "அவ மேல தப்பில்லை. பார்க்காமலே பார்த்தேன்னு சொன்னது நான்."

முயல்கள் தலையைத் தொங்கப் போட்டன.

"அவளை அழ அழத் திட்டிட்டோமே, ஐயா" என்றது அணித்தலைவன் முயல்.