தூதருக்கும் ஒரு வாய்ப்பு

வெளிநாட்டிலிருந்து விருந்தாளியாக வந்த அமைச்சர் சுட்டதும், ஸ்டாக்ஹோம் வர்த்தக அதிகாரி ஸ்டெல்லன் சுவரில் மோதிச் சரிந்தார். விலா எலும்பு முறிந்தது, உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

"எழுந்திரு ஸ்டெல்லன். ஆர்டர் போச்சுன்னா உன் வேலையும் போச்சு. ஏற்றுமதிக்காக நானா இருந்தா உயிரையே குடுப்பேன்," என்றார் வர்த்தகத் தூதர் இங்மார், இலவங்கப்பட்டை ரொட்டியை மென்றபடி.

அமைச்சர் மறுபடியும் சுட்டார்.

ஸ்டெல்லன் தள்ளாடி எழுந்து, சட்டையைத் திறந்து, குண்டு துளைக்காத கவசத்தைக் காட்டினார். "எத்தனை வேணும், ஐயா?"

"ஒண்ணும் வேணாம். எங்க கலகக்காரங்களுக்குப் போன மாசமே இதை வித்துட்டீங்க. இதைத் துளைக்கிற தோட்டா இருக்கா?"

"இருக்கே ஐயா. இப்பவே சுட்டுப் பாருங்க," என்ற ஸ்டெல்லன், கவசத்தைக் கழற்றித் தூதருக்கு மாட்டிவிட்டார்.