பக்கத்துத் தகடு

மாத்தளை இரத்தப் பரிசோதனை நிலையத்தில் மர்சூக் தினமும் தன் இரத்தத்தையும் ஒரு கண்ணாடித் தகட்டில் தடவி, நோயாளியின் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பான்.

அன்று இதயநோயாளி ஒஸ்வல்டின் வெள்ளணுக்கள் சீராக இருந்தன. இதயக்குழாய் மோசமாக அடைபட்டவர்களுக்கு வரும் வெள்ளணுப் பெருக்கம் மர்சூக்கின் தகட்டில் இருந்தது.

தகடு மாறியிருக்குமென்று சந்தேகித்து, இருவர் விரலிலும் மறுபடி குத்திப் பார்த்தான். அதேதான் வந்தது.

"மூச்சு வாங்கலியா?" என்று மர்சூக் கேட்டான்.

"செக்பொயின்ட்ல பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க தம்பி. மேடெல்லாம் நடந்தே வந்தேன். ஒன்னுமில்ல."

"போன தடவ இந்தப் படியே ஏற முடியலியே?"

"அப்ப நீங்கதானே கையப் புடிச்சு ஏத்தி விட்டீங்க."

மர்சூக் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான். அது கனத்தது.

ஒஸ்வல்ட் சட்டைப்பையிலிருந்த நெஞ்சுவலிக் குளிசைப் போத்தலை அவன் முன்னால் வைத்தார்.

"நாக்குக்கடியில வைங்க. எனக்கு இனி தேவப்படாது."