திரும்பிப் பார்க்காத வழிகாட்டி

"ஜூலையா? வேணவே வேணாம்னு சொல்லு! மேல அம்பது மைலுக்கு அப்பால மழை கொட்டும். இங்க வெயில் பல்லைக் காட்டிட்டு நிக்கும்போதே வெள்ளம் வந்து எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடும்!"

டெல்மர் பெனாலி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். போனைக் கையில் வைத்திருந்தவள் ட்ரூடி. அரிசோனாவின் நவஹோ நிலத்தில், மணற்பாறைப் பிளவுக்குள் பயணிகளை இறக்கிக் காட்டுவது டெல்மரின் தொழில். அவருடைய அலுவலகத்துக்கு இந்த சீசனுக்குத்தான் ட்ரூடி ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து வேலைக்கு வந்திருந்தாள்.

"எஸ்தர் டோஹானின்னு ஒரு அம்மா. நீங்களே பேசுங்களேன், சார்" என்று போனை நீட்டினாள்.

டெல்மர் சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். "நீயே சொல்லும்மா."

ட்ரூடி போனில் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். "ஜூன்ல வரட்டுமான்னு கேக்குறாங்க."

"பாறை மேல ரொட்டி சுடலாம், அப்படிக் கொதிக்கும்."

"பிப்ரவரி?"

"ஏணியெல்லாம் பனி. வழுக்கி விட்டா யார் பதில் சொல்றது?"

"மார்ச்?"

"காத்து! வாயைத் திறந்தா வாயெல்லாம் மண்ணு."

ட்ரூடிக்கு அலுத்துவிட்டது. "உங்க காலண்டர்ல எனக்கு ஒரு நாள்கூட இல்லையான்னு கேக்குறாங்க சார். எழுபத்தொரு வயசாம். சின்ன வயசுல அந்தப் பிளவுக்கு மேலதான் ஆடு மேய்ச்சாங்களாம். ஒரு குட்டி உள்ள விழுந்து கத்தினப்பகூட அவங்களைக் கீழ இறங்க விடலையாம். வர்ற நவம்பர்ல முட்டியில ஆபரேஷன். அதுக்கப்புறம் ஏணியே ஏறக் கூடாதாம். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை கீழ நின்னு மேல பாக்கணுமாம், பாவம்."

டெல்மர் சுவர்ப் பலகைக்குப் போய், கொட்டை எழுத்தில் 'அக்டோபர் 14, எஸ்தர்' என்று எழுதினார்.

"வெள்ளம் ஓய்ஞ்சிருக்கும், வெயில் தணிஞ்சிருக்கும், பனி வந்திருக்காது. அவங்களுக்கு வழிகாட்டி நான்தான்னு சொல்லு" என்று சிரித்தார். சிரித்தால் அவருக்கு இடது கன்னத்தில் குழி விழும்.

அதற்குப் பிறகு அவர் செய்த அலப்பறை கொஞ்சநஞ்சமல்ல. பழைய ஏணியைக் கழற்றிப் போட்டு, நெருக்கமான படிகளோடு புது ஏணி வைத்தார். பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டினார். நடுவழியில் உட்கார ஒரு பெஞ்சு வேறு.

"யார் சார் இந்த எஸ்தர்? உங்களை வெளுத்து வாங்கின பள்ளிக்கூடத்து டீச்சரா? இப்படிப் பயப்படுறீங்க!" என்று சீண்டினாள் ட்ரூடி.

"அதைவிடப் பெரிய பயம்" என்றார் டெல்மர்.

அக்டோபர் பதினான்கு விடிந்தபோது தெற்கே மேகம். இன்று விட்டால் அந்தம்மாவுக்கு இனி எந்த நாளும் இல்லை. டெல்மர் வண்டியை எடுத்துக்கொண்டு, பிளவுக்குள் பாயும் ஓடை தொடங்கும் இடம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்குப் புழுதியும் சிரிப்புமாக வந்து இறங்கினார்.

"அங்க சொட்டு ஈரம் இல்ல. மேகமும் கலைஞ்சு போச்சு. கிளம்பு, கிளம்பு!"

வெல்வெட் சட்டையும் நீலக்கல் மாலையும் போட்டு, காலில் புத்தம் புது ஷூவோடு வந்தார் எஸ்தர். அவர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் டெல்மர் ஏணியில் இறங்கி முன்னால் போய்விட்டார். நடுவில் ட்ரூடி, பின்னால் எஸ்தர்.

"ட்ரூடி, அங்க தலை இடிக்கும்னு சொல்லு" என்றார் டெல்மர் திரும்பாமலே.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று சிரித்தார் எஸ்தர். "புது ஏணி ரொம்ப நல்லா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லும்மா."

நாலடி தூரத்தில் இருந்துகொண்டு இதென்ன கூத்து என்று ட்ரூடிக்குப் புரியவில்லை. இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

நடுவழியில் பாறை வளைந்து விரிந்தது. மேலேயிருந்து வெளிச்சம் மஞ்சளும் சிவப்புமாக வழிந்தது. எஸ்தர் பாறையில் கை வைத்து, அண்ணாந்து பார்த்து, சின்னப் பெண் மாதிரி வாய்விட்டுச் சிரித்தார். பாறையெல்லாம் சேர்ந்து சிரித்தது.

"ஆத்தாடி, இவ்வளவு அழகையா மேல நின்னு மிதிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்!"

சிரித்துக்கொண்டே அழுதார். ட்ரூடியும் அழுதாள். டெல்மர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, தோள் குலுங்க நின்றார். அப்போதும் திரும்பவில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும், எஸ்தர் முன்வாசலில் நுழைய, டெல்மர் பின்வாசல் வழியாக நழுவினார். ட்ரூடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. இவ்வளவு ஏற்பாடு செஞ்ச மனுஷன், ஒரு தடவையாவது திரும்பி உங்க முகத்தைப் பாத்தாரா? நேரா ஒரு வார்த்தை பேசினாரா? மரியாதை தெரிய வேண்டாம்?"

"அட, அதுதான்மா மரியாதை! முகத்தைப் பாக்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. இருபத்திரெண்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் ஒரு நாள்கூடத் தவறினதில்ல. எங்க ஜனங்களோட வழக்கம் அது."

எஸ்தர் பின்வாசல் பக்கம் ஒருமுறை காது கொடுத்துவிட்டு, ட்ரூடியின் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ தினமும் பாக்குறவ, சொல்லேன். என் பொண்ணைக் கேட்டு வந்தன்னிக்குப் பாத்தது... சிரிச்சா எங்க மாப்பிள்ளைக்கு இடது கன்னத்துல ஒரு குழி விழுமே, இன்னும் விழுதா?"