பன்னிரண்டில் ஒன்று

காளவாசல் சிக்னலில் பத்ரிநாத் ஸ்கூட்டரை நிறுத்தியபோது அந்தப் பைக்கும் பின்னால் வந்து நின்றது. பசுமலையிலிருந்தே துரத்திக்கொண்டு வருகிறார்கள். ஓட்டி வந்த இளைஞனின் பார்வை முழுக்க அவர் தோளில் குறுக்காக மாட்டியிருந்த கேமராவின் மேல்தான் இருந்தது. பின்னால் இருந்த பெண் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

'இன்னைக்கு இது மூணாவது' என்று பல்லைக் கடித்தார் பத்ரிநாத்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை அவருக்கு. லீவு நாளெல்லாம் பழைய பிலிம் கேமராக்களோடுதான் கழியும்; வீட்டில் முப்பத்தோரு கேமராக்கள் வைத்திருந்தார். இன்று எடுத்து வந்தது அறுபது வருஷத்துக் கிழம். மேலிருந்து குனிந்து பார்த்துப் படமெடுக்கிற பெட்டி. பழுதுபார்க்க ஆள் கிடைக்காமல் எட்டு மாதம் கிடந்து, போன வாரம்தான் உயிர் பெற்றது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம்.

அந்தப் பன்னிரண்டையும் நிம்மதியாக எடுக்க விடவில்லை. "என் கடைய எதுக்கு எடுத்தீங்க? அழிங்க" என்று டீக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா, "எம்புள்ளையவா எடுத்தீக? காட்டுங்க, அழிங்க" என்று பிடித்துக்கொண்டாள். இதில் காட்டவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது.

இப்போது இவர்கள். யாரென்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. காலை ஏழு மணிக்குப் பசுமலை அடிவாரத்துச் சின்னக் கோயிலில், வாசல் வேப்பமரத்தைப் படமெடுக்க நின்றபோது குறுக்கே வந்து மாலை மாற்றிக்கொண்ட ஜோடி. பக்கத்தில் பெற்றவர்கள் யாருமில்லை. வெளிச்சம் அபாரமாக விழுந்திருந்ததால் ஒன்று எடுத்துவிட்டார். ரோலிலேயே உருப்படியான படம் அதுதான் என்று அவருக்கு அப்போதே தோன்றியது.

பச்சை விழுந்ததும் ஓரம் கட்டினார். இளைஞன் ஓடி வந்து வண்டியை மறித்தான்.

"அண்ணே, காலைல கோயில்ல எங்கள எடுத்தீகளா?"

"எடுத்தேன். அதுக்கென்ன?"

"காட்டுங்கண்ணே."

"இதுல காட்ட முடியாதுப்பா! பிலிம் கேமரா. கழுவுனாத்தான் தெரியும்."

"மருது, கோவப்படாமக் கேளு" என்றபடி அந்தப் பெண் வந்தாள். கழுத்தில் மஞ்சள் ஈரம் காயாத கயிறு. கண்கள் வந்த சாலையையே திரும்பித் திரும்பிப் பார்த்தன. "கழுவ எம்புட்டு நேரமாகும்ணே?"

"வீட்லதான் கழுவுவேன். சாயங்காலம் ஆயிரும்."

"அதுல எங்க மூஞ்சி தெளிவாத் தெரியுமா?"

வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டவர்கள், பயப்படத்தானே செய்வார்கள்? பத்ரிநாத் ஆறுதலாக ஒரு பொய் சொன்னார். "தெரியாதும்மா. தூரத்துல நின்னு எடுத்தது. யாருன்னே அடையாளம் தெரியாது. நீ பயப்படாத."

அவள் கண் கலங்கியது. ஏனென்று அவருக்குப் புரியவில்லை.

"மீனா, நீ வண்டிகிட்ட போய் நில்லு" என்றான் மருது. "அண்ணே, அந்த ரோலக் குடுத்துருங்க. வேற யாரு கையிலயும் அது சிக்கிறக் கூடாது."

"ஒரு படத்துக்காக மொத்த ரோலையும் தரணுமா? மத்த பதினோரு படம் என்னாகுறது? காலைலருந்து ஆளாளுக்கு..."

"நேரமில்லண்ணே. அவுக வந்துருவாக. குடுங்க!" மருது கேமராவின் வாரைப் பிடித்தான்.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் கூடிவிட்டார்கள். "என்ன சார், பொம்பளப் புள்ளையப் போட்டோ எடுத்தீகளா?" என்றார் ஒருவர்.

அந்த நேரம் பார்த்து வாரின் தையல் விட்டது. கேமரா ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. பத்ரிநாத் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கீழே விழுந்து லென்ஸ் உடைந்தால் இன்னொன்றுக்கு எங்கே போவார்?

காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது.

"அழிக்கணும், அம்புட்டுத்தானே? இந்தா, அழிச்சுட்டேன்!"

மருது சுதாரிப்பதற்குள் பின்மூடியைத் திறந்து ரோலை உருவினார். சுற்றியிருந்த தாளைப் பிரித்து, பிலிமை முழு நீளத்துக்கும் உச்சி வெயிலில் இழுத்துக் காட்டினார். அப்படியே மருதுவின் கையில் திணித்தார்.

"வெளிச்சம் பட்டுருச்சு. இனிமே யாராலயும் கழுவ முடியாது. உங்க வீட்டாளுக வந்து கேட்டாலும் ஒண்ணும் கிடைக்காது. நிம்மதியாப் போங்க."

மருது வாரை விட்டான். கையில் சுருண்டு கிடந்த பிலிமையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வண்டியருகிலிருந்து ஓடி வந்த மீனாதான் பேசினாள். "எங்கண்ணன், கல்யாணப் போட்டோ இருந்த இவரு போனப் புடுங்கி ஒடச்சுட்டான்ணே. பூசாரியவும் மெரட்டி, இங்க கல்யாணமே நடக்கலன்னு சொல்ல வச்சுட்டாக. ஸ்டேஷன்ல போயி நின்னா ஆதாரம் கேக்குறாக. அதான் உங்களத் தேடி அலைஞ்சோம்."

பத்ரிநாத் அவள் பக்கம் திரும்பினார். "அப்ப... நீங்க அழிக்கச் சொல்லி வரலையா?"

அவள் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க கல்யாணத்துக்கு இருந்த ஒரே போட்டோண்ணே அது."