வேண்டாம் என்று சொன்னவர்

விற்க வந்த இளைஞனைப் பார்த்து முதலாளியம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"ஆள் மாதிரியே ஃபோன்ல பேசி, ஆபீஸ் வேலையெல்லாம் பார்க்குமா உங்க மென்பொருள்? யார் காதுல தம்பி பூ சுத்துறீங்க?"

"நம்பிக்கை இல்லையா மேடம்?"

"எங்க கணக்கர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். காலையிலகூட ஃபோன்ல இதைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டார். எல்லாம் வெத்து விளம்பரம், வாங்காதீங்கன்னார்."

இளைஞனின் முகம் மலர்ந்தது.

"போன மாசம் சோதனைக்குக் கொடுத்ததே அவர்கிட்டதான் மேடம்! 'ஒருநாள் எனக்குப் பதிலா என் எண்ல, என் குரல்லயே இது பேசட்டும், சாயங்காலம் நானே அணைச்சிடுறேன்'னார். எங்க பதிவுப்படி இன்னும் அணைக்கல. காலையில பேசினது அது! அவர் என்ன சொல்லுவாரோ, அதையே அச்சு அசலா சொல்லியிருக்கு."

முதலாளியம்மா மனதுக்குள் நாட்களை எண்ணினார். ஒரு மாதமாகத் தினமும் அதனோடு பேசியிருக்கிறார். திட்டியிருக்கிறார், சேர்ந்து சிரித்திருக்கிறார். கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இப்பவாவது வாங்குவீங்களா மேடம்?"

அவர் காதில் அது விழவேயில்லை. கணக்கர் தனிக்கட்டை. அந்த வீட்டில் எட்டிப் பார்க்க இன்னொரு ஆள் கிடையாது.

"அவர் ஏன் தம்பி இன்னும் அணைக்கல?"

இளைஞனின் சிரிப்பு மெல்ல வடிந்தது.

மேஜைமேல் ஃபோன் அடித்தது. கணக்கரின் எண்.

"என்னம்மா, அந்த ஆளை இன்னும் அனுப்பலையா?"