பற்றறிக் கள்ளன்

கிறிஸ்தோப்பர் முதலாளியின் மீன் வாங்கும் வாடியில் அன்று காலை கொம்பியூட்டர் ஒழுங்காக எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. போட்டதும் கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து. பற்றறி இல்லையாம், திகதி இல்லையாம், நேரம் இல்லையாம். எஃப்-வன்னை அழுத்தினால் எழும்பும்தான். ஆனால் 2002ஆம் ஆண்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் திகதியில் பில் அடித்தால் கொழும்பு லொறிக்காரர் மீனை ஏற்ற மாட்டார்.

புதுக்குடியிருப்பில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும் நிதர்சனாவுக்கு அழைப்புப் போனது. அரை மணித்தியாலத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கொம்பியூட்டர்ப் பெட்டிக்குப் பக்க மூடி கிடையாது. முல்லைத்தீவுக் கரையின் வெக்கைக்கு அதை எப்போதோ கழற்றியாயிற்று. டோர்ச் அடித்து உள்ளே பார்த்தாள்.

“அண்ணை, போன மாசம் நான் போட்ட வட்டப் பற்றறி எங்க?”

“எங்கயெண்டால்? உதுக்குள்ளதானே. செத்துப்போச்சோ?”

“செத்திருந்தால் பிரேதமாவது கிடக்கோணுமே. ஆளே இல்லை. ஆரோ நோண்டி எடுத்திருக்கினம்.”

கிறிஸ்தோப்பர் மெதுவாகத் திரும்பினார். மீன் நிறுக்க வரிசையில் நின்ற எட்டுப் பேரையும் பார்வை ஒரு சுற்றுச் சுற்றி, டிலக்ஸனில் போய் நின்றது.

இரண்டு நாளாக அவர்களுக்குள் சரியில்லை. “வீட்டுத் தராசில இருபது கிலோ, உங்கட தராசில பதினேழு!” என்று முந்தாநாள் எல்லோர் முன்னாலும் கத்தியவன் அவன்தான். கிறிஸ்தோப்பர் கோபப்படவில்லை. ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். தராசு ஐந்து என்று காட்டியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“உன்ர மீன் கடலை நினைச்சு வழியில மெலிஞ்சிருக்கும்” என்று யாரோ சொல்ல, கரையே சிரித்தது.

கிறிஸ்தோப்பரின் சொல் அந்தக் கரையில் எடுபடும். பக்தியான மனிதர். ஒவ்வொரு மீன் பெட்டி தராசில் ஏறும்போதும் அவருடைய வலது கை காற்சட்டைப் பைக்குள் போய்விடும். உள்ளே செபமாலை. “கடல் தந்ததுக்கு ஒரு மணி உருட்டுறன்” என்பார்.

“நேற்றுப் பின்னேரம் இந்தக் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில குந்தியிருந்தது ஆர்?” என்று கேட்டார் இப்போது.

“நான்தான். மழைக்கு ஒதுங்கினனான்” என்றான் டிலக்ஸன்.

“மழைக்கு ஒதுங்கினவர் பற்றறியையும் ஒதுக்கிப்போட்டார்!”

“விசர்க் கதை கதைக்காதேங்கோ அண்ணை. உந்தச் சின்னப் பற்றறியைக் கொண்டுபோய் நான் என்ன, வள்ளமே ஓட்டுறது?”

“எல்லாரும் பையைக் காட்டுங்கோ! ஆற்ற பையில அந்தப் பற்றறி இருக்கோ, அவர் இனி இந்த வாடிக்குள்ள கால் வைக்கக் கூடாது. பொலிசிலயும் குடுப்பன்.”

டிலக்ஸனின் முகம் கறுத்தது. அந்தக் கரையில் ஐஸ் இருக்கிற வாடி இது ஒன்றுதான். இங்கே வாசல் அடைபட்டால் பிடிக்கிற மீனைக் காகத்துக்குத்தான் போட வேண்டும். தராசில் ஏற்றிய அவனுடைய பாரை மீன் பெட்டி, பில் இல்லாமல், இருபத்திரண்டு கிலோ என்று காட்டியபடி காத்துக்கிடந்தது.

பைகள் கவிழ்ந்தன. பீடிக்கட்டு, தூண்டில் முள், பாதி கடித்த ரோல்ஸ். டிலக்ஸனின் பையிலிருந்து கடல் மண் மட்டும் கொட்டியது.

“நீங்களும் ஒருக்காக் காட்டுங்கோவன் அண்ணை, ஒரு நியாயத்துக்கு” என்றாள் நிதர்சனா.

“செபமாலை இருக்கிற பை, பிள்ளை. பகிடி விடாத.”

சொல்லிவிட்டு, பொலிசுக்கு அடிக்கப் போனை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மனைவி புனிதமலர் தேத்தண்ணித் தட்டோடு வந்தார்.

“என்னப்பா சத்தம்?”

“கொம்பியூட்டர்ப் பற்றறியை இவன் களவெடுத்திட்டான்!”

“எது, காசு மாதிரி வட்டமா இருக்குமே, அதோ? ஐயோ, அந்தப் பொடியனைப் பேசாதேங்கோ. அது நானெல்லோ எடுத்தனான்!”

போன் காதுக்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

“விடிய வெள்ளண, பற்றறி முடிஞ்சுபோச்சு, முடிஞ்சுபோச்சு எண்டு நீங்கள்தானே குதிச்சீங்கள். அந்த நேரம் எந்தக் கடை திறந்திருக்கு? நிதர்சனா பிள்ளை போட்டதும் அதே அளவெண்டு ஞாபகம் வந்திது. கழட்டி உங்கட ரிமோட்டுக்குள்ள போட்டு, காற்சட்டைப் பையில வைச்சனான். இப்ப வேலை செய்யுதுதானே?”



“என்ன ரிமோட் அண்ணை?” என்று கேட்டான் டிலக்ஸன்.

“அது... ரிவி ரிமோட்.”

“எங்கட ரிவி பழுதாகி மூண்டு மாசமெல்லோ?” என்றார் புனிதமலர்.

நிதர்சனா கையை நீட்டினாள். “எந்த ரிமோட் எண்டாலும் பரவாயில்லை, பற்றறியைத் தாங்கோ அண்ணை. லொறி வரப்போகுது.”

எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிறிஸ்தோப்பரின் கை பைக்குள் போனது. வெகு நேரம் கழித்து வெளியே வந்தது. செபமாலை வரவில்லை. கறுப்பாக, ஒரேயொரு பொத்தானோடு சின்னதாக ஒன்று வந்தது. நிதர்சனா அதை வாங்கித் திருப்பினாள். மூடி எந்தப் பக்கம் என்று தேடும்போது பெருவிரல் பொத்தானில் பட்டது.

யாரும் தொடாத தராசில், டிலக்ஸனின் பாரை இருபத்திரண்டு கிலோவிலிருந்து பத்தொன்பதுக்கு மெலிந்தது.